கிரேக்க, ரோமானியப் பழங்காசுகளை அவற்றின் அழகுக்காக வாங்குவது எப்படி: தடுமாறிக் கற்றவரின் வழிகாட்டி

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் சிசிலித் தீவிலிருந்த கிரேக்க நகரமான சிராக்கூஸின் வெள்ளிக்காசு ஒன்றைக் கண்டு, சுற்றிலும் டால்பின்கள் நீந்த நடுவில் இருக்கும் நீரூற்றுத் தேவதை அரெத்தூசாவின் முகத்தை விட்டு விலக மனமில்லாமல் நின்றவர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அத்தகைய காசு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்க்க முடியுமா என்ற கேள்வி உங்களுக்குள் எழுந்திருந்தால், முடியும் என்பதே பதில். நடுத்தர வருமானம் உள்ளவரும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான, நல்ல கைவினையுள்ள காசு ஒன்றை முறைப்படி வாங்கலாம். ஆனால் அதற்கான வழியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. லண்டனில் வசிக்கும் நான் முதலில் ஒரு போலியை வாங்கினேன். அடுத்து, ஏலத்தில் கேட்ட விலையைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்தேன். மூன்றாவது காசுக்குச் சுங்கத்தில் தவறான வரியைக் கட்டி, அதைத் திரும்பப் பெற மூன்று மாதங்கள் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

வரிகளும் படிவங்களும் பற்றி நான் கூறுபவை பிரிட்டனில் வசிப்பவர்களை மனத்தில் கொண்டவை. மற்ற நாடுகளில் இருப்போருக்கு முதல் நான்கு படிகள் அப்படியே பொருந்தும்.

1. பணத்தை எடுப்பதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள்

குறைந்தது மூன்று மாதங்கள் எதையும் வாங்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். இந்தப் படியை நான் தவிர்த்தேன். பின்னர் நேர்ந்த இழப்புகளில் பெரும்பாலானவை அதனால் வந்தவையே.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 68ஆம் அறை பணத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது, அனுமதி இலவசம். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன், கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம், கிளாஸ்கோவின் ஹண்டேரியன் ஆகிய அருங்காட்சியகங்களிலும் சிறந்த தொகுப்புகள் உள்ளன. பெர்லினுக்குச் செல்பவர்கள் போடே அருங்காட்சியகத்தையும், ஏதென்ஸுக்குச் செல்பவர்கள் டிராய் நகரை அகழ்ந்த ஷ்லீமான் வாழ்ந்த மாளிகையில் இயங்கும் நாணய அருங்காட்சியகத்தையும் விட்டுவிடக் கூடாது. காட்சிப் பெட்டியில் இருப்பது தொகுப்பின் மிகச் சிறு பகுதிதான். பெரிய அருங்காட்சியகங்களின் நாணயத் துறைகள், முன்கூட்டியே எழுதிக் கேட்டு நேரம் வாங்கினால், பார்வையாளர் அறையில் காசுகளை எடுத்துத் தருகின்றன. அதற்கு நீங்கள் ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. இணையத்தில் உள்ள அவர்களின் பட்டியலைப் பார்த்து, காண விரும்பும் பத்து, பன்னிரண்டு காசுகளின் பதிவு எண்களைக் குறித்து, சில வாரங்களுக்கு முன்னரே மின்னஞ்சல் அனுப்புங்கள். புகைப்பட அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள்.

அங்கே எதைப் பார்ப்பது? இந்தக் காசுகள் ஒவ்வொன்றும் கையால் அடிக்கப்பட்டவை. கம்மியர் ஒருவர் உலோக அச்சில் உருவத்தை உட்குழிவாக, இடம் வலம் மாறிய நிலையில் செதுக்குவார். கீழச்சு பட்டறைக் கல்லில் பதிந்திருக்கும். மேலச்சைக் கையில் பிடித்து, இடையில் வெள்ளித் துண்டை வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். ஓர் அச்சு தேய்ந்தோ விரிசல் கண்டோ போனால் வேறோர் அச்சு செதுக்கப்படும். ஆகவே ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு காசுகள் வெவ்வேறு கைகளின் படைப்பாக இருக்கலாம். ஒன்றில் உயிருள்ள முகமும் மற்றொன்றில் சிறுபிள்ளை வரைந்தது போன்ற முகமும் இருக்கலாம். அந்த வேறுபாட்டைக் காணக் கண்ணைப் பழக்குவதுதான் இந்தப் படியின் நோக்கம்.

தொடக்கத்துக்கு மூன்று பாடங்களைச் சொல்கிறேன். முதலாவது, சிராக்கூஸின் பத்து திராக்மா காசுகள் (திராக்மா என்பது கிரேக்க வெள்ளிப்பணத்தின் அலகு). ஏறத்தாழ 43 கிராம் எடையுள்ள இவற்றின் அச்சுகளைக் கி.மு. 400 வாக்கில் செதுக்கிய கிமோனும் எவைனெட்டோஸும் தம் பெயரைக் காசிலேயே பொறித்தவர்கள். கிமோனின் பெயர் கூந்தலைக் கட்டிய பட்டியில் இருக்கிறது. அவர் செதுக்கிய மற்றொரு நான்கு திராக்மா காசில் அரெத்தூசா நம்மை நேராகப் பார்க்கிறாள். அலையும் கூந்தலுக்குள் டால்பின்கள் புகுந்து வெளிவருகின்றன. ஒரு விரற்கடை உலோகப் பரப்பில், சில மில்லிமீட்டர் மேட்டுக்குள், நேர்முகத்துக்கு ஆழம் கொடுப்பது எத்தனை கடினம் என்பதை, அதே நேர்முகத்தைப் பின்பற்ற முயன்ற லரிஸா நகரத்துக் காசுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது உணர்வீர்கள். லரிஸாவின் முகங்களிலும் அழகானவை உண்டு. ஆனால் அந்த வரிசையில் அச்சுக்கு அச்சு தரம் ஏறி இறங்குவது வெளிப்படையாகத் தெரியும்.

இரண்டாவது பாடம் ரோமானிய முகங்கள். நீரோவின் காசுகளை ஆண்டு வரிசையில் பாருங்கள்: மெலிந்த இளைஞன் சில ஆண்டுகளுக்குள் தடித்த கழுத்தும் அடுக்கடுக்காகச் சுருட்டிய முடியும் கொண்டவனாக மாறுவதைச் செதுக்கியவர்கள் மறைக்கவில்லை. பின்னர் வந்த பேரரசன் வெஸ்பாசியனின் நெற்றிச் சுருக்கமும் மொட்டைத் தலையும் எருதின் பிடரி போன்ற கழுத்தும் அப்படியே இருக்கின்றன. கிரேக்கக் காசுகளின் தெய்வ முகங்களில் வடிவ ஒழுங்கைத் தேடிப் பழகிய கண், இங்கே மனித முகத்தின் உண்மையைத் தேடக் கற்றுக்கொள்கிறது.

மூன்றாவது பாடம் வெற்றிடம். மெட்டபோன்டத்தின் ஒற்றை வாற்கோதுமைக் கதிர், அக்ரகாஸின் நண்டு, ஈஜினாவின் ஆமை ஆகிய கிரேக்க நகரச் சின்னங்களைச் சுற்றி விடப்பட்ட இடத்தைக் கவனியுங்கள். வட்டத்துக்குள் ஒன்றைப் பொருத்தி வைப்பதில் கோலம் போடும் கைக்கு இருக்கும் அதே கணக்கு இங்கும் இருக்கிறது.

2. பணவரம்பை வகுத்து, அதற்குள் அழகைத் தேடுங்கள்

பத்து திராக்மா நமக்கு எட்டாது. பல்லாயிரம் பவுண்டு வேண்டும். ஆனால் அதே சிராக்கூஸின் அரசன் இரண்டாம் ஹியெரோன் வெளியிட்ட வெண்கலக் காசில் கடற்கடவுள் பொசைடனின் தலையும், மறுபுறம் டால்பின்கள் புடைசூழ்ந்த திரிசூலமும் இருக்கும். நல்ல கையால் செதுக்கப்பட்ட ஒன்று 40 முதல் 80 பவுண்டுக்குள் கிடைத்துவிடும். நான் பின்தொடர்ந்த ஏலங்களை வைத்துத் தோராயமாகச் சொன்னால், ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் காலத்துச் சிறு வெண்கலக் காசுகள் 15 முதல் 40 பவுண்டு. ரோமின் அன்டோனைன், செவரன் மரபுப் பேரரசர்களின் டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு 60 முதல் 150. அலெக்ஸாண்டரின் பெயரில் வெளியான திராக்மா 100 முதல் 250. டால்பின் மேல் சிறுவன் அமர்ந்திருக்கும் டாரன்டம் வெள்ளிக்காசு 250 முதல் 600. ஒருபுறம் அதீனா தேவியின் தலையும் மறுபுறம் ஆந்தையும் உள்ள ஏதென்ஸின் ஆந்தைக் காசு 500க்கு மேல். இவை தரத்தையும் காலத்தையும் பொறுத்து மாறுபவை.

தமிழ் வாசகர்களுக்கு இரண்டு காசுகளைத் தனியாகப் பரிந்துரைக்கிறேன். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் பேரர்களான கயஸும் லூசியஸும் கேடயங்களோடு நிற்கும் டெனாரியஸ் ஒன்று. அகஸ்டஸுக்குப் பின் ஆண்ட திபேரியஸின் தலையும் மறுபுறம் அமர்ந்த பெண்ணுருவும் உள்ள டெனாரியஸ் மற்றொன்று. கோயம்புத்தூர், கரூர் பகுதிகளில் புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிகுதியாக இருப்பவை இந்த இரு வகைகள்தாம். இவை ஐரோப்பிய ஏலங்களில் அடிக்கடி வருகின்றன. அதிலும் திபேரியஸின் காசு பல்லாண்டுகள் மாற்றமின்றி அடிக்கப்பட்டதால் எண்ணற்ற அச்சுகள் உண்டு. ஒரே வகைக்குள் கைவினை எவ்வளவு வேறுபடும் என்பதைக் கற்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

பணத்தைப் பிரித்துப் பல மலிவான காசுகளாக வாங்கும் ஆசை வரும். ஆண்டுக்கு 300 பவுண்டு ஒதுக்கியிருந்தால் பத்துத் தேய்ந்த காசுகளைவிட இரண்டு நல்ல காசுகளே போதும் என்பது என் உறுதியான கருத்து. தேய்ந்தவை சில மாதங்களில் டப்பாவுக்குள் போய்விடும். நல்ல ஒன்றை வாரந்தோறும் எடுத்துப் பார்ப்பீர்கள்.

3. விவரக்குறிப்பைப் படியுங்கள், தரச்சொல்லை நம்பாதீர்கள்

ஏலப் பட்டியலில் ஒவ்வொரு காசுக்கும் அரசர் அல்லது நகரம், அடிக்கப்பட்ட இடம், காலம், எடை, விட்டம், முன்பக்கத்துக்கு மறுபக்கம் எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்ற குறிப்பு, உருவ விளக்கம், மேற்கோள் எண் ஆகியவை இருக்க வேண்டும். ரோமப் பேரரசின் காசுகளுக்கு ‘ஆர்.ஐ.சி.’ என்ற நூல்வரிசையின் எண்ணைக் குறிப்பிடுவது வழக்கம். அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் ‘ஆக்ரே’ என்ற இலவச இணையப் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால், அருங்காட்சியகங்களில் உள்ள அதே வகைக் காசுகளின் படங்கள் கிடைக்கும். அலெக்ஸாண்டரின் காசுகளுக்கு ‘பெல்லா’ என்ற பட்டியல் உண்டு. எடையோ மேற்கோள் எண்ணோ இல்லாத விற்பனை அறிவிப்பைக் கண்டால் அடுத்ததற்குச் சென்றுவிடுங்கள்.

‘வெரி ஃபைன்’, ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ போன்ற சொற்கள் தேய்மானத்தை மட்டுமே அளக்கின்றன. புழக்கத்துக்கே வராமல் புதைந்த காசிலும் முகம் விகாரமாக இருக்கலாம். ஓரளவு தேய்ந்த காசில் கிமோனின் காலத்துக் கை இன்னும் தெரியலாம். சான்று நிறுவனங்கள் சில, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்த காசுகளுக்கு ‘ஃபைன் ஸ்டைல்’ (அழகிய செதுக்கல்) என்று தனிக்குறிப்புத் தருவது உண்டு; அது பயனுள்ளது என்றாலும் உங்கள் கண்ணுக்கு மாற்றாகாது. அதேபோல் ஏதென்ஸ் ஆந்தைக் காசில் அதீனாவின் தலைக்கவசக் கொண்டை முழுவதும் வட்டத்துக்குள் விழுந்திருந்தால் விலை மிக உயரும். கொண்டைக்காகக் கூடுதல் பணம் கொடுத்து, கண்ணும் உதடும் சரியாகப் பதியாத முகத்தை வாங்கியவர்களை அறிவேன். முதலில் கண்ணைப் பாருங்கள், பிறகு வாயை, பிறகு மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறும் கோட்டை. கொண்டை கடைசியில் வரட்டும்.

படத்தை நம்பியே வாங்குகிறோம் என்பதால் ஒளியின் திசையைக் கவனிப்பதும் அவசியம். மேலிருந்து சாய்வாக விழும் ஒளி மேடுகளைத் தூக்கிக் காட்டி, தேய்ந்த காசையும் கூர்மையாகத் தோன்றச் செய்யும். சாய்த்து ஆட்டிக் காட்டும் காணொளியைக் கேளுங்கள். நல்ல விற்பனையாளர்கள் மறுக்க மாட்டார்கள்.

4. போலியைத் தவிருங்கள்

நான் முதலில் வாங்கியது இணையச் சந்தை ஒன்றில் 180 பவுண்டுக்கு வந்த ஏதென்ஸ் ஆந்தைக் காசு. விலையே எச்சரித்திருக்க வேண்டும். வீட்டில் சமையலறைத் தராசில் வைத்தேன், 17.2 கிராமுக்கு அருகில் இருக்க வேண்டியது 15.6 காட்டியது. விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடியது. இரண்டு பாதி அச்சுகளில் உலோகத்தை வார்த்து எடுத்ததன் தழும்பு அது. ஆந்தையின் இறகுகள் சோப்புக் கட்டியில் செதுக்கியவை போல வழவழத்து, இடையிடையே காற்றுக்குமிழிக் குழிகளோடு இருந்தன. அடிக்கப்பட்ட காசில் உலோகம் ஓரங்களை நோக்கிப் பாய்ந்த வரிகள் தெரியும், வார்த்ததில் தெரியாது.

எனவே பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியும், ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கைக் காட்டும் தராசும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து 30 பவுண்டுக்குள் முடியும். எடை சரியாக இருப்பதாலேயே காசு உண்மையாகிவிடாது. புதிய அச்சு செதுக்கி நல்ல வெள்ளியில் அடிக்கும் போலிகளும் உண்டு. 1830இல் இறந்த ஜெர்மானியரான பெக்கர் அடித்த போலிகள் இன்றும் தொகுப்புகளில் இருக்கின்றன. இவற்றைப் புதியவர் தாமே கண்டுபிடிப்பது அரிது. அதனால்தான் உண்மைத்தன்மைக்குக் காலவரம்பின்றிப் பொறுப்பேற்று, பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் உறுதியளிக்கும் விற்பனையாளரிடம் மட்டுமே வாங்க வேண்டும். பிரிட்டிஷ் நாணய வணிகர் சங்கத்திலோ, ‘ஐ.ஏ.பி.என்.’ எனப்படும் பன்னாட்டுத் தொழில்முறை நாணயவியலாளர் சங்கத்திலோ உறுப்பினரா என்று பாருங்கள்.

போலி அல்லாத இரண்டு சிக்கல்களும் இருக்கின்றன. ஒன்று, உண்மையான வெண்கலக் காசின் தேய்ந்த முடியையும் ஆடை மடிப்பையும் இன்றைய கத்தியால் மீண்டும் செதுக்கிக் கூர்மையாக்குவது. செஸ்டெர்டியஸ் என்ற பெரிய ரோமானியக் காசுகளில் இது மிகுதி. விவரக்குறிப்பில் ‘டூலிங்’, ‘ஸ்மூத்திங்’ என்ற சொற்கள் இருந்தால் விலகுங்கள்; அழகுக்காக வாங்கும் நமக்கு, பழைய கையின் மேல் ஏறிய புதிய கை ஒரு கேடு. மற்றொன்று, செம்புக் கருவின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய அக்காலத்துக் கள்ளக்காசு. விலை குறைவு என்பதோடு வரலாற்று ஆர்வமும் உண்டு. அறிந்து வாங்கினால் தவறில்லை.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் ரெடி என்பவர் மின்பூச்சு முறையில் செய்த நகல்கள் விளிம்பில் ‘ஆர்.ஆர்.’ என்ற முத்திரையோடு அவ்வப்போது விற்பனைக்கு வரும். மூலக்காசிலிருந்தே எடுக்கப்பட்டவை என்பதால் எவைனெட்டோஸின் செதுக்கலை நுணுக்கம் கெடாமல் காட்டும். நகல் என்றே சொல்லி விற்கப்படும் அதை மேசையில் வைத்துப் பார்ப்பது, கலையைக் கற்க விரும்புவோருக்கு மிகச் சிறந்த செலவு.

5. ஆவணங்கள் இல்லாமல் வாங்காதீர்கள்

மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் நாம் மனை வாங்குவதில்லை. பழங்காசுக்கும் அப்படியே. இது எப்போது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற உடைமை வரலாறு இல்லையென்றால், அது அண்மையில் ஏதோ ஒரு தொல்லியல் மேட்டிலிருந்து திருடப்பட்டதாக இருக்கலாம். திருட்டுத் தோண்டல் காசை மட்டும் எடுத்துச் செல்வதில்லை. அது கிடந்த மண்ணடுக்கு சொல்லியிருக்கக் கூடிய எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. அழகை நேசிப்பவர் அதற்குத் துணைபோகக் கூடாது என்று மனதார நம்புகிறேன்.

கேட்க வேண்டிய தாள்கள் இவை: காசின் படமும் எடையும் விற்பனையாளரின் முழுப் பெயரும் உள்ள விலைச்சீட்டு, எழுத்து வடிவில் உண்மைத்தன்மை உறுதி, முந்தைய ஏலத்தின் பெயர், நாள், வரிசை எண், பழைய தொகுப்பாளர் எழுதி வைத்த அட்டைச் சீட்டோ காகித உறையோ இருந்தால் அதுவும், வெளிநாட்டிலிருந்து வந்ததானால் ஏற்றுமதி அனுமதியின் நகல். பண்பாட்டுச் சொத்துகளின் களவு வணிகத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதால், அந்த ஆண்டுக்கு முன்பே ஒரு தொகுப்பில் இருந்ததாக மெய்ப்பிக்கப்பட்ட காசுக்கு மதிப்பு கூடுதல்.

‘பழைய ஐரோப்பியத் தொகுப்பிலிருந்து’ என்ற ஒற்றை வரி ஆவணமாகாது. யாருடைய தொகுப்பு, எந்த ஆண்டு என்று கேளுங்கள். கையால் அடித்த காசின் விளிம்பு வடிவம் கைரேகையைப் போல ஒவ்வொன்றுக்கும் தனியானது. ஆகையால் 1930இல் வெளியான ஏலப் பட்டியலின் படத்தோடு இன்றைய காசை ஒப்பிட்டு இரண்டும் ஒன்றுதானா என்று நீங்களே சரிபார்க்கலாம். இந்தச் சரிபார்ப்பு பெரிய விற்பனைகளிலும் தவறியிருக்கிறது. சீசரின் கொலையைக் கொண்டாடி புரூட்டஸ் வெளியிட்ட பொற்காசு ஒன்று 2020 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. அதன் உடைமை வரலாறு புனையப்பட்டது என்று பின்னர் தெரியவந்து, 2023இல் காசு கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

பயணத்தில் வாங்கவே வாங்காதீர்கள். துருக்கியிலோ கிரேக்கத்திலோ இடிபாடுகளுக்கு அருகில் ஒருவர் உள்ளங்கையில் காசை நீட்டினால், அது போலியாக இருந்தால் பணம் போகும். உண்மையானதாக இருந்தால் விமான நிலையத்தில் கைதாக நேரிடும். இந்தியாவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருளாகும்; அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது. அமராவதி ஆற்றில் கிடைத்தது என்று கரூரில் உறவினர் அன்போடு தரும் ரோமானியக் காசை வணங்கி மறுத்துவிடுங்கள். இங்கே முறையாக வாங்கிய காசையும் ஊருக்குக் காட்டுவதற்காக எடுத்துச் செல்லாதீர்கள். திரும்பக் கொண்டுவருவது பெரும் சிக்கலாகிவிடும். படத்தைக் காட்டினால் போதும்.

6. ஏலத்தின் முழுக் கணக்கையும் முன்னரே போடுங்கள்

நகைக்கடையில் பவுன் விலையோடு செய்கூலியும் சேதாரமும் ஏறுவது போல, ஏலம் படிந்த விலையோடு வேறு தொகைகள் ஏறும். 200 பவுண்டுக்கு ஏலம் படிந்ததாக வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கட்டணம் 20 விழுக்காடு என்றால் 40 பவுண்டு. அந்தக் கட்டணத்தின் மேல் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி 8 பவுண்டு. ஏலத்தளம் ஒன்றின் வழியாகக் கேட்டிருந்தால் அதன் 3 விழுக்காடும் வரியுமாக 7.20, காப்பீட்டோடு அஞ்சல் 12. மொத்தம் 267.20 பவுண்டு. சில ஏல நிறுவனங்களில் கட்டணம் 25 விழுக்காட்டையும் தொடும். பட்டியலில் வரிசை எண்ணுக்கு அருகில் சிறு குறி இருந்தால், அது வெளிநாட்டிலிருந்து விற்பனைக்காக வந்த காசு என்றும், ஏலம் படிந்த விலை மீது 5 விழுக்காடு இறக்குமதி வரி சேரும் என்றும் பொருள். குறிகளின் விளக்கம் பட்டியலின் இறுதியில் சிறிய எழுத்தில் இருக்கும், படித்துவிடுங்கள்.

ஏல நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பதிவுசெய்து கேட்டால் இடைத்தளக் கட்டணம் மிச்சமாகும். பதிவுக்கு அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். ஒப்புதலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்பதால் ஏலத்தன்று காலையில் தொடங்காதீர்கள். பட்டியல் பொதுவாக மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே வெளியாகிவிடும். அந்த இடைவெளியில், ஏலத்துக்கு முன் காசுகளைப் பார்வைக்கு வைக்கும் நாளில் நேரில் சென்று கையில் எடுத்துப் பாருங்கள், யாரும் தடுப்பதில்லை. எழுந்து வரும்போது, எல்லாச் செலவும் சேர்த்து எவ்வளவு வரை போவது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏலத்தின் வேகத்தில் அந்த எண்ணை மாற்றாதீர்கள். இந்தக் கணக்கை முன்னரே போடாததால்தான் என் இரண்டாவது காசுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்தேன்.

7. வெளிநாட்டிலிருந்து வாங்கினால்: வரியும் காத்திருப்பும்

நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகளுக்குச் சுங்கப் பட்டியலில் 9705 31 என்று தொடங்கும் தனிக்குறியீடு உள்ளது. பிரிட்டனுக்குள் வரும்போது சுங்கத்தீர்வை இல்லை; இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி 5 விழுக்காடு மட்டுமே. ஆனால் பொதியின் மேல் ‘பழைய வெள்ளிக் காசு’ என்று மட்டும் எழுதியிருந்தால் 20 விழுக்காடு விதித்துவிடுகிறார்கள். 260 பவுண்டு மதிப்புக்கு அது 13க்குப் பதிலாக 52 ஆகும்.

பணம் செலுத்தும்போதே விற்பனையாளருக்கு எழுதுங்கள்: இந்தக் குறியீட்டையும், நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயவியல் சேகரிப்புப் பொருள் என்ற விளக்கத்தையும் சுங்க அறிவிப்பிலும் விலைச்சீட்டிலும் இட வேண்டும், விலைச்சீட்டின் நகல் பொதிக்கு வெளியே இருக்க வேண்டும். மதிப்பைக் குறைத்து எழுதுவதாகச் சிலர் முன்வருவார்கள், மறுத்துவிடுங்கள். அது குற்றம் என்பதோடு, பொதி தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்கே கிடைக்கும்.

தவறான வரி வந்துவிட்டால், அஞ்சல்வழிப் பொதிக்கு ‘பி.ஓ.ஆர். 286’ என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். பொதியில் ஒட்டியிருந்த வரிச்சீட்டு, விலைச்சீட்டு, பணம் செலுத்திய சான்று, காசின் காலத்தைக் காட்டும் பட்டியல் பக்கம் ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள். நான் வரிச்சீட்டைக் கிழித்து எறிந்திருந்தேன். மூன்று மாதங்கள் ஆனதற்கு அதுவே முதற்காரணம். தனியார் தூதஞ்சல் நிறுவனத்தின் வழியாக வந்தால், அவர்களிடமே முதலில் முறையிட வேண்டும். அவர்கள் வாங்கிய கையாளும் கட்டணம் திரும்ப வராது.

நாட்டுக்கு நாடு காத்திருப்பு வேறுபடும். ஏற்றுமதி அனுமதி தேவைப்படாத நாடுகளிலிருந்து இரண்டு, மூன்று வாரங்களில் வந்துவிடும். இத்தாலியிலிருந்து அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பிரிட்டனிலிருந்து வெளியே அனுப்புவதற்கான உரிமங்களை ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து வழங்குகிறது. விண்ணப்பம், செலவு யாருடையது என்பதை விற்பனையாளரிடம் முன்பே கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வசிப்பவர்கள், 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பண்பாட்டுப் பொருள் இறக்குமதி விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

8. காசு கைக்கு வந்த பிறகு

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதும், வெள்ளிக் குங்குமச்சிமிழைத் திருநீறு கொண்டு தேய்ப்பதும் நம் வீட்டுப் பழக்கம். பழங்காசின் மேல் அதைச் செய்யாதீர்கள். வெண்கலத்தின் மேல் பல நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சையும் பழுப்பும்தான் செதுக்கலின் நுட்பத்தைத் தாங்கி நிற்கின்றன. அதை உரித்துவிட்டால் முகமும் சேர்ந்து போகும். வெள்ளியின் கருமைக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள்.

ஆனால் விரல்பட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் தெரிந்தால், அது அழகுப் படிவு அல்ல. உப்பினால் வரும் அரிப்பு நோய். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் மணிகளோடு மூடிய டப்பாவில் வைத்து, அனுபவமுள்ள பாதுகாப்பாளரிடம் காட்டுங்கள். அன்றாடச் சேமிப்புக்கு, பி.வி.சி. கலந்த மென்மையான உறைகளைத் தவிர்த்து, மைலார் என்ற பாலியெஸ்டர் உறைகளை வாங்குங்கள். மரப்பெட்டி என்றால் மஹோகனி ஏற்றது. ஓக் மரத்தின் அமில ஆவி உலோகத்தைக் கெடுக்கும்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு கோப்பு திறந்து, இரு பக்கப் படங்களையும் எடையையும் எல்லாத் தாள்களின் நகலையும் சேருங்கள். வீட்டுக் காப்பீட்டில் தனிப்பொருள் ஒன்றுக்கு உச்சவரம்பு உண்டு. அதைக் கடந்தால் எழுதித் தெரிவிக்க வேண்டும். பழைய சீட்டு எதையும், எழுத்து புரியாவிட்டாலும், எறியாதீர்கள்.

பார்க்கும்போது மேசை மேல் மெத்தென்ற துணியை விரித்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி, கீழே விழுந்தால் உடையக் கூடியது. விளிம்பைப் பிடித்து எடுத்து, மேசை விளக்கை இடப்பக்க மேல்மூலையில் தாழ்வாக வைத்து, காசை மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். கன்னத்தின் நிழல் நகரும் இடத்தில் செதுக்கியவரின் உளி எங்கே ஆழ்ந்தது, எங்கே தயங்கியது என்பது தெரியத் தொடங்கும்.